ஒரு பறவை கூடுதல்

எய்ஸ்ட்விக் துறைமுகத்தில் மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை எத்தனை சிப்பிகொத்திகள் வந்து இறங்குகின்றனவோ, அந்த ஊர்க்காரர்களில் அத்தனை பேர் அன்றைக்குக் கடலில் உயிரோடு இருக்கிறார்கள். இந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஃபாரோ தீவுகளின் மற்ற ஊர்களுக்கும் அதே நாளில்தான் இந்தப் பறவை வருகிறது. அதே கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, காரட் நிறத்தில் நீண்ட அலகு, காது கிழியும் கூச்சல். அங்கெல்லாம் குளிர்காலம் ஒழிந்தது என்று கொடியேற்றி, பிள்ளைகளைப் பாட வைத்து, காப்பி குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். எய்ஸ்ட்விக்கில் பாட்டும் கொடியும் பிற்பாடுதான். முதலில் எண்ண வேண்டும்.

நிலத்தில் இருப்பவனுக்குப் பறவை கிடையாது. அவன் கோபன்ஹேகனில் இருந்தாலும் சரி, வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி. செத்தவனுக்கும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் ஹான்ஸ் பாவ்லி என்ற கப்பல் தலைவர் பல்வலி பொறுக்காமல் பக்கத்துத் தீவில் காலை பதினொன்று பத்துக்குக் கரையிறங்கினார். இங்கே பதினொன்று பத்துக்கு ஒரு பறவை எழும்பிப் போனது. தாடையைப் பிடித்துக்கொண்டு போனது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அது மிகை. ஐம்பத்தொன்றில் தலைநகரிலிருந்து பறவை நிபுணர் ஒருவர் முக்காலியில் தொலைநோக்கியோடு வந்து நாற்பத்து நான்கு எண்ணினார். கடலில் இருந்தவர்கள் பட்டியலில் நாற்பத்து மூன்று பேர். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார், ஊரார் கொடுத்த ரூபார்ப் ஜாமையும் ரொட்டியையும் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது, மாலன் என்பவளின் தம்பி வீட்டில் சொல்லாமல் அபர்டீனில் கப்பலேறிவிட்டான் என்று. நிபுணர் தன் புத்தகத்தில் தற்செயல் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் அவர் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

எண்ணுவதற்கு முறை உண்டு. அலைதடுப்புச் சுவரின் கலங்கரை விளக்கு முனையில் ஒரு பெண், மீன் கம்பெனி முனையில் ஓர் ஆண். அவள் அங்கிருந்து எண்ண வேண்டும், அவன் இங்கிருந்து எண்ண வேண்டும். பேசிக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, கடைக்காரர் ஹானுஸின் தொப்பியில் போட வேண்டும். ஹானுஸ் இரண்டையும் பிரித்துப் படிப்பார். ஒத்துப்போனால், கடலில் இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். யார் எந்தக் கப்பலில் என்பது, அவர்களுக்குக் கடிதம் அனுப்பித் தருகிற அவருக்குத்தான் தெரியும். ஒத்துப்போகாவிட்டால் திரும்ப எண்ண வேண்டும். அன்று சாயங்காலம், கடலில் ஆள் உள்ள வீடுகளில் துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலில் விளக்கு வைப்பார்கள்.

ரான்வாவுக்கு இந்த வேலை கிடைத்தது அவள் கண்ணுக்காக. மீன் கம்பெனியில் அவளுக்கு வெளிச்ச மேஜையில் வேலை. கீழே விளக்கெரியும் கண்ணாடி மேல் மீன் துண்டைப் போட்டு, சதைக்குள் நூலாகச் சுருண்டிருக்கும் புழுவைக் கத்தி முனையால் எடுப்பது. அவள் கையைத் தாண்டி ஒரு புழு போனதாகப் புகார் வந்ததில்லை. அவளுடைய கணவன் ஹோக்னி நோர்லீசி என்ற தூண்டில் கப்பலில் இருந்தான். எதிர் முனையில் எண்ணுபவன் மிக்யால், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், துறைமுகத்துக் கிரேன் ஓட்டுபவன். பதினைந்து வயதில் ஒரே ஒருமுறை கடலுக்குப் போய், ஐஸ்லாந்து வரை போகும்போதும் வரும்போதும் வாந்தியெடுத்தான். நாங்கள் பிடித்த மீனைவிட இவன் கடலுக்குக் கொடுத்ததுதான் அதிகம் என்று கப்பல் தலைவர் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அன்றிலிருந்து உலர்கால் மிக்யால் என்றே பெயர். எண்ணும் நாளில்கூட, சுவரின் கம்பெனி முனையில் அலைத்துளி எட்டாத உயரத்தில் இருக்கும் தட்டைக் கல்லில்தான் ஏறி நிற்பான். அவனுக்கு ரான்வாவைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பிடிக்கும். அது ரான்வாவைத் தவிர ஊருக்கே தெரியும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் கிரீன்லாந்துப் பக்கம் உறைபனிப் புயலில் நோர்லீசி காணாமல் போனது. பாய்மரத்திலும் கம்பிகளிலும் பனி படிந்து தலைகனத்துக் கவிழ்ந்திருக்க வேண்டும் என்று தந்தி சொன்னது. கப்பலில் எய்ஸ்ட்விக்காரர்கள் ஏழு பேர். ஹோக்னி அதில் ஒருவன். மாலனின் பதினேழு வயது மகன் ஒருவன். தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று இரண்டாம் தந்தியும் வந்தது. ஆனால் எய்ஸ்ட்விக்கில் தந்தியை நம்பி யாரும் கறுப்பு உடுத்துவதில்லை. மார்ச் பன்னிரண்டு வரட்டும் என்றார்கள். போதகரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. விபத்துக்கு முன்னால் கடலில் நாற்பத்தைந்து பேர். ஏழு போனால் முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கழித்தல் அந்த மாதம் மனப்பாடம்.

அந்த வருஷம் ரான்வாவை எண்ண வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. வெயில் இருந்தது, காற்று இல்லை, பறவைகள் சுவரின் மேல் வரிசையாக, எண்ணு எண்ணு என்று நின்றன. அவள் எண்ணினாள். முப்பத்தெட்டு. பைனாகுலரைத் துடைத்துவிட்டு எண்ணினாள். நான்காம் முறையும் முப்பத்தெட்டுதான். அவள் கண்ணைப் பற்றி ஊருக்கு இருந்த மதிப்பு அன்றைக்கு அவளுக்கே விஷமாக இருந்தது. சீட்டை எடுத்தாள். இதை எழுதிப் போட்டதும் ஹோக்னி செத்துவிடுவான் என்று தோன்றியது, அதுவரைக்கும் சாகவில்லை. தப்பாக எழுதினால் சீட்டுகள் ஒத்துப்போகாது. ஆள் நடமாட்டத்தில் மிரண்ட பறவைகள் திரும்ப வந்து உட்கார்ந்து, திரும்ப எண்ணி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்காக, அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட ஆசைப்படாமல், அவள் முப்பத்தொன்பது என்று எழுதினாள்.

ஹானுஸ் தொப்பிக்குள் கைவிட்டு அவள் சீட்டைப் பிரித்தார். முப்பத்தொன்பது. மிக்யாலின் சீட்டைப் பிரித்தார். அதிலும் முப்பத்தொன்பது.

ஏழு வீட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள், அந்தச் சத்தம் ரான்வாவுக்கு இன்றுவரை மறக்கவில்லை. அவள் கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் நான்தான் ஒன்றை விட்டுவிட்டேன் என்று நினைத்தாள். மிக்யால் ஏன் பொய் எழுதப் போகிறான்? ஒன்று எனக்குத் தெரியாமல் நின்றிருக்கிறது, அது ஹோக்னியின் பறவையாகத்தான் இருக்கும், பெண்டாட்டி கண்ணில் படக்கூடாது என்று ஏதாவது இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கண் தப்பியதற்காகச் சந்தோஷப்பட்டாள். அடுத்த வருஷமும் எண்ணிப் பார்த்தாள், கூடுதல் பறவை தெரியவில்லை. தெரியாததையும் சேர்த்து எழுதினாள். மிக்யாலின் சீட்டும் அதையே சொன்னது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. எண்ணியதோடு ஒன்று. பத்தொன்பது வருஷம், அவள் சீட்டு இருபது, அவனுடையதும் சேர்த்து நாற்பது, எப்படிப் பார்த்தாலும் ஒரு பறவை கூடுதல்.

பிழைத்தவன் ஒருவன்தான். எந்த ஒருவன் என்பது தெரியாது. ஆகவே ஏழு வீட்டிலும் விளக்கு வைத்தார்கள். ரஷ்யக் கப்பல் தூக்கிக்கொண்டு போயிருக்கும், பேர் மறந்துபோய் எங்கோ வலை இழுத்துக்கொண்டிருப்பான் என்று ஒரு கட்சி. பனிப்பாறை மேல் மிதந்துகொண்டிருக்கிறான், பனி உருகியதும் வருவான் என்று ஒரு கட்சி. பத்தொன்பது வருஷம் உருகாத பனி எது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஏழு குடும்பமும் முதல் வருஷம் கட்டிப்பிடித்து அழுதன. மூன்றாம் வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டன. என் ஆள் இருக்கிறான் என்று வேண்டிக்கொள்வது, உன் ஆள் செத்துவிட்டான் என்று வேண்டிக்கொள்வதுதான். தேவாலயத்தில் ஏழு பேரும் ஏழு வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். நினைவுக் கல் வெட்டும் பேச்சை எடுத்த போதகர் இரண்டு பேர் மாறிப் போய்விட்டார்கள்.

பில்லா என்று ஒருத்தி, ஏழு பேரில் ஒருவனின் மனைவி, கையில் சின்னக் குழந்தை. ஐந்து வருஷம் பார்த்துவிட்டு, நீதிமன்றத்தில் சான்று வாங்கி, கிளாக்ஸ்விக்கில் ஒரு தச்சனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சட்டம் ஒத்துக்கொண்டது, ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வந்தால் பேச்சு நின்றது. "புருஷன் கடல்ல நிக்கிறான், இவளுக்குக் கட்டில் குளிருதாம்" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். சொன்னவர்களில் ரான்வாவும் ஒருத்தி. பில்லா வீட்டையும் ஜன்னல் விளக்கையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை தபால் படகில் குழந்தையோடும் தையல் மிஷினோடும் கிளம்பினாள். துறைமேடையில் அவளுக்குக் கை காட்ட ஒருவரும் இல்லை, கிரேன் மேலே இருந்த மிக்யாலைத் தவிர.

மிக்யால் ஆறாம் வருஷம் ரான்வாவைக் கேட்டான். கேட்பதற்கு ஆறு வருஷம் எடுத்துக்கொண்டவன், கேட்ட இடம் மீன் பெட்டிகளுக்கு நடுவில். அவள் கோபப்படக்கூட இல்லை. "என் புருஷன் இருக்கான்னு வருஷா வருஷம் நீயே எழுதிக் குடுத்துட்டு, நீயே வந்து கட்டிக்கிறியான்னு கேக்குற. உனக்கு மண்டைல ஏதாவது இருக்கா மிக்யால்?" என்றாள். அவன் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் கேட்கவில்லை. அவள் வீட்டுக் கூரைத் தகடு பறந்தால் அடித்துக் கொடுப்பான், இலையுதிர் காலத்தில் ஆடு அறுத்தால் ஒரு தொடை கொண்டுவந்து அவள் உலர்த்தும் கொட்டகையில் தொங்கவிடுவான், காப்பி குடிப்பான், போவான். அவளுக்கு நாற்பத்தாறு வயதாயிற்று.

எண்பத்திரண்டு செப்டம்பரில் ஐஸ்லாந்துக் கப்பல் ஒன்று வலையில் சிக்கியதைக் கொண்டுவந்தது. நோர்லீசியின் மணி. கூடவே அதன் உயிர்காப்பு மிதவை, பெட்டியோடு. கப்பலில் இருந்தது அந்த ஒரு மிதவைதான். மிக்யால்தான் தன் கிரேனால் அதைத் தூக்கித் துறைமேடையில் வைத்தான். பெட்டியின் வார்கள் அவிழ்க்கப்படவே இல்லை, முத்திரை அப்படியே இருந்தது. ஊரார் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு ஹானுஸ் தொண்டையைச் செருமி, "அப்ப நீந்தித்தான் போயிருக்கான்" என்றார். ஆமாம் என்றார்கள். மிக்யால் கிரேனிலிருந்து இறங்கி நேராக ரான்வா வீட்டுக்கு நடந்தான்.

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வாசலிலேயே நின்றான். காப்பி வேண்டாம் என்றான்.

"காப்பிய வேணாங்குறப்பவே தெரியுது, ஏதோ ஏடாகூடமாக் கேக்கப் போற."

"ஒண்ணே ஒண்ணுதான். கோவிச்சுக்காத. அந்தக் கூடுதல் பறவை, உன் பக்கத்துலேருந்து பாத்தா எங்க நிக்கும்?"

"என்னைய ஏன் கேக்குற? நீயுந்தான எண்ணுற?"

"நான் பாத்ததே இல்ல ரான்வா. ஒரு வருஷம்கூட. என் பக்கம் கிரேன் மறைக்குது போலன்னு நெனச்சுக்கிட்டேன். உன் கண்ணு தப்பாதுன்னு, நான் எண்ணினதோட ஒண்ணு சேத்து எழுதுவேன். இந்த வருஷம் எனக்கு அதைக் காட்டு. அந்தப் பெட்டியப் பாத்ததுலேருந்து என்னால முடியல. ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன்னா போதும்."

கத்தி அவள் கையிலேயே நின்றுவிட்டது. "மொத வருஷம்? மொத வருஷம் நான் என்ன எழுதுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நீ முப்பத்தெட்டுன்னுதான் எழுதுவன்னு நெனச்சேன். அந்தக் கோடியிலேருந்து உன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், நாலு தடவ எண்ணுன. என் சீட்டு ஒத்துப்போகலேன்னா திரும்ப எண்ணச் சொல்லுவாங்க, ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் உனக்குக் கெடைக்கட்டுமேன்னுதான்..."

ரான்வா சிரித்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிகிற வரைக்கும் சிரித்தாள், அதைச் சிரிப்பு என்று சொல்லலாமென்றால். "நானும் பாத்ததில்லடா," என்றாள். "ஒரு மணி நேரத்துக்குத்தான் நானும் எழுதினேன்."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே யாரோ அந்த மணியை அடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. ரான்வா, "பில்லாவ நாம ரெண்டு பேருந்தான் ஊர விட்டு ஓட்டினோம்" என்றாள். அவன் தலையாட்டினான். அப்புறம் அவளுக்குத் துக்கம் கோபமாகத் திரும்பியது, கோபத்துக்கு எதிரில் அவன்தான் இருந்தான். "கடல்ல கால் நனைக்காத பய நீ. என் புருஷனப் பத்தொம்போது வருஷம் அந்தத் தண்ணியில நிக்க வெச்சிட்டியேடா." நீயும்தானே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமல் விட்டானே என்பதுதான் பிற்பாடு அவளை அதிகம் தின்றது. வரும் மார்ச்சில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவோம் என்று முடிவாயிற்று. கதவருகில் அவன் பூட்ஸை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டான், அவள் அவனைப் பார்க்காமல் கிழங்கைச் சீவினாள்.

அக்டோபரில் மிக்யால் கோபன்ஹேகனில் இருக்கும் தங்கை ஆன்னாவிடம் போகிறேன் என்று ஹானுஸிடம் சொல்லிவிட்டுத் தபால் படகில் போனான். அந்தப் படகிலேயே, துறைமுக வாயைத் தாண்டும் முன்பே வாந்தியெடுத்தான் என்று படகுக்காரன் சொன்னான். ரான்வாவிடம் அவன் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் வாசற்படியில் ஜாம் பாட்டிலுக்கு அடியில் அவன் வீட்டுச் சாவி இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அதைச் சமையலறை ஆணியில் மாட்டி வைத்து, அதற்கு முதுகு காட்டியே சாப்பிட்டாள். கம்பெனி முனையில் எண்ண, புதிதாக வந்திருந்த பள்ளி ஆசிரியர் சாமல் நியமிக்கப்பட்டார். சாமலுக்கு ஊர்க் கதை ஒன்றும் தெரியாது, அதனால் அவரை நம்பலாம்.

எண்பத்து மூன்று மார்ச் பன்னிரண்டு காலை சாரல் அடித்தது. கடலில் முப்பத்தொரு பேர் என்பது ரான்வாவுக்குத் தெரியும். முப்பத்தொன்று என்று எழுதி, ஹானுஸ் படித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். எண்ணினாள். முப்பத்திரண்டு வந்தது. சாரலில் கண்ணாடி மங்கியிருக்கிறது என்று துடைத்துவிட்டு எண்ணினாள். முப்பத்தொரு பறவைகள் சுவரோரமாக, அலைத்துளியில் நனைந்தபடி, எப்போதும்போலக் கத்திக்கொண்டிருந்தன. முப்பத்திரண்டாவது கத்தவில்லை. அது கம்பெனி முனையில், சாமல் நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளி, அலைத்துளி எட்டாத தட்டைக் கல்லின் மேல் நின்றது. அலகை நெஞ்சில் புதைத்து, வயிற்றைப் புரட்டுகிறவன்போல ஒவ்வொரு அலைக்கும் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.

சாமலின் சீட்டிலும் முப்பத்திரண்டு. ஹானுஸ் பெயர்களை வாசித்தார், முப்பத்தொன்றோடு நிறுத்தினார். வழக்கம்போல ஒரு பறவை கூடுதல். ஊரில் யாருக்கும் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எல்லோரும் காப்பிக்குக் கடைக்குள் போனார்கள். ரான்வா கடையின் மூலையில் இருந்த தொலைபேசியை எடுத்து ஆன்னாவைக் கூப்பிட்டாள்.

"மிக்யாலா? இங்க ரெண்டு நாள்தான் இருந்தான்," என்றாள் ஆன்னா. "எஸ்பியர் துறைமுகத்துல ஒரு கப்பல்ல சமையக்கட்டு எடுபிடியாச் சேந்துட்டான். ஊர்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனான். இந்த வயசுல இது என்ன கூத்துன்னு கேட்டேன். ஒரு கணக்கு நேராகணும்கிறான். லெட்டர் போட்டிருக்கான், கப்பல் கரையில கட்டிக் கெடக்கும்போதுகூட வாந்தி வருதாம்."

ரான்வா போனை வைக்காமல் அப்படியே நின்றாள். முதுகுக்குப் பின்னால் மற்ற ஆறு வீட்டு ஆட்களும் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதிய பொய்யை மெய்யாக்க, வாளிமேல் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டு ஒருவன் வடகடலில் கிழங்கு சீவுகிறான். அவள் வாயை மூடிக்கொண்டால் போதும், இனிமேல் சீட்டில் பொய்யும் இருக்காது, ஏழு விளக்கும் எரியும். அவள் விளக்கும் எரியும். வாயைத் திறந்தால், இருபது வருஷமாக எண்ணெய் ஊற்றிக் காப்பாற்றிய ஹோக்னியை அவளே இங்கே, ஜாம் பாட்டில்களுக்கு முன்னால், சாகடிக்க வேண்டும். அவளுக்கு ஹோக்னியின் முகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வந்தது இருபத்தெட்டு வயது முகம். அவள் அழுதாள், யாரும் கவனிக்கவில்லை. பிறகு போனை வைத்தாள்.

"ஹானுஸ் அண்ணே, பட்டியல்ல ஒரு பேரு விட்டுப்போச்சு," என்றாள். "மிக்யால எழுதிக்குங்க. கடல்லதான் இருக்கான்."

ஹானுஸ் பென்சிலை எடுத்து எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அவர் கூட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு பெயர், முப்பத்திரண்டு பறவை. கூடுதல் எதுவும் இல்லை. கடையில் கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அப்போது ரான்வா முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். மிக்யாலின் சீட்டைப் பற்றியும் சொன்னாள், அவன் மேல் பழி விழாதபடி சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. ஒருவர் அவள் காலடியில் காப்பியைக் கொட்டிவிட்டு வெளியே போனார். ஒருத்தி அவளை அடிக்க வந்து, அடிக்காமல் அவள் மேலேயே சாய்ந்து அழுதாள். மாலன் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவளுக்கு எண்பதை நெருங்கிய வயது, அந்தப் பதினேழு வயதுப் பையனைத் தவிர வேறு பிள்ளை இல்லை.

"அந்த ஒரு மணி நேரம்," என்றாள் மாலன், "எனக்கும் சேத்துத்தானடி கெடைச்சுது." இதை அவள் நன்றியாகச் சொன்னாளா, சாபமாகச் சொன்னாளா என்று ஊரில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. ரான்வாவுக்கு அது இரண்டுமாகவே கேட்டது.

ஏழு வீட்டு விளக்கும் அன்று அணைந்தன. கோடையில் தேவாலயத்து முற்றத்தில் கல் வெட்டினார்கள், ஏழு பெயர், இருபது வருஷம் தாமதமாக. ரான்வா கறுப்பு உடுத்தினாள். அந்தத் துணி அவள் இருபத்தேழு வயதில் வாங்கியது, இடுப்பில் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. பில்லாவுக்கு அவள் நான்கு பக்கம் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. கல் நட்ட அன்று பில்லா வளர்ந்த மகனோடு தபால் படகில் வந்து, பின்வரிசையில் நின்று, பெயரை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, காப்பிக்கு நிற்காமல் அதே படகில் திரும்பினாள். ரான்வாவைத் தாண்டிப் போகும்போது அவள் நடை தாமதிக்கவில்லை.

மார்ச் பன்னிரண்டு சாயங்காலம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏழு ஜன்னல் இருண்ட பிறகு, ரான்வா ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மிக்யாலின் வீட்டுக்குப் போய், துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலில் விளக்கு வைத்தாள். கடலில் ஆள் உள்ள வீடு, வைக்க வேண்டியதுதான். எதிர்வீட்டுக்காரர்கள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஆமாம், முறைதான் என்று மூடிக்கொண்டார்கள். அவள் அவனுக்கு ஹானுஸ் மூலமாக எழுதினாள்: கல் வைத்தாயிற்று, உன் பெயர் பட்டியலில் இருக்கிறது, கணக்கு நேராகிவிட்டது, வந்துவிடு. அவன் பதில் எழுதவில்லை. பத்தொன்பது வருஷத்தை அவன் எந்த விகிதத்தில் தீர்க்கிறான் என்பது அவனுக்குத்தான் தெரியும். வேறு வேறு கப்பல்களிலிருந்து ஆன்னாவுக்குக் கடிதம் வருகிறது, எல்லாவற்றிலும் வாந்தி பற்றி ஒரு வரி இருக்கிறது.

அதற்குப் பிறகு எட்டு மார்ச் போய்விட்டது. ரான்வாதான் இன்னும் எண்ணுகிறாள், பொய் எழுதியவளை ஏன் எண்ண விடுகிறீர்கள் என்று புதிய போதகர் கேட்டதற்கு, இனிமேல் அவளால்தான் பொய் எழுத முடியாது என்று ஹானுஸ் பதில் சொன்னார். தட்டைக் கல் காலியாக இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: ஒன்று, அவன் எங்கோ கரையேறி வந்துகொண்டிருக்கிறான், இன்னொன்று, இன்னொரு பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும். எது என்று பறவை சொல்லாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் பதினோராம் தேதி அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. காலையில் கலங்கரை விளக்கு முனைக்குப் போய் நின்றதும், முறைப்படி தன் பக்கத்திலிருந்து எண்ணாமல், பைனாகுலரைக் கம்பெனி முனைக்குத் திருப்புகிறாள். உலர்ந்த கல்லின் மேல், அலைக்கு அலை குனிந்து நிமிர்ந்துகொண்டு, அது நிற்கிறது. ஒன்று, என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மற்றவற்றை எண்ணப் போகிறாள்.